சீதனம் போட்ட வேலி

ஓர் ஏக்கர் வளவு, வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஓர் ஏக்கர் என்பது 16 பரப்பு. ஆளுக்கு 4 பரப்பு வீதம் சீதனம் எழுதியாயிற்று. அந்த நால்வருக்கும் இரண்டிரண்டு பெண்கள் பிறந்தால் அடுத்த தலைமுறையில் பங்கு 2 பரப்பு. அதற்கடுத்த தலைமுறையிலும் அப்படியே என்றால் 1 பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி. சென்னைக்காரர்களின் ஒரு கிரவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு வேலிக்குள் தொடங்கிய குடும்பம் மூன்று தலைமுறைக் கல்யாணங்களில் 16 வேலிகளாகிவிடுகிறது.

இது தாளில் போட்ட கணக்குத்தான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து ஊர்களில் வளைந்து நெளிந்து, முட்டி நின்று, மறுபடி திரும்பும் ஒழுங்கைகளில் நடந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. அந்த ஒழுங்கைகளை எந்த அரசனும் போடவில்லை, எந்த நகரசபையும் வரையவில்லை. பின்வளவு கிடைத்த மகளுக்குத் தெருவுக்கு வர வழி வேண்டியிருந்தது. அவளுக்காக முன்வளவின் ஓரத்தில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு நிலம் விடப்பட்டது. அவளுடைய மகளுக்கு இன்னொரு துண்டு விடப்பட்டது. இப்படித்தான் குச்சொழுங்கைகள் பிறந்தன. யாழ்ப்பாணத்து வீட்டு நிலத்தை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால், சாதகம் பார்த்து நாள் வைத்தவர் என்று சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கம்.

ஆனால் வேலி போடுவதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆறென்று சொல்ல இருப்பது மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த நீர் செம்பாட்டு மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் அது. ஊர் முழுவதும் அதைத்தான் குடித்தது, அதில்தான் குளித்தது, அதைத்தான் புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்தது. கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது சின்னச் செலவு இல்லை. ஆகவே வளவில் முதலில் நிலைத்தது கிணறு. வீடு அதைப் பார்த்து அமைந்தது. மனையடி சாத்திரம் கிணற்றை வடகிழக்கிலும் அடுக்களையைத் தென்கிழக்கிலும் வைக்கச் சொல்லும். பாறை இடங்கொடுத்த அளவுக்குச் சாத்திரமும் கடைப்பிடிக்கப்பட்டது.

கிணற்றடி என்பது தண்ணீர் அள்ளும் இடம் மட்டுமில்லை. நீர் இறைக்கும் ஆடுகாலும் துலாவும் நின்ற அந்த இடத்தில் குளித்த நீரும் துவைத்த நீரும் வாய்க்காலில் ஓடி வாழைக்கும் கமுகுக்கும் போகும். அடுக்களைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய நீர் விழும் இடத்தில் கறிவேப்பிலை, சற்றுத் தள்ளித் தேசி, வேலியோரம் முருங்கை. ஒரு வாளி நீர் இரண்டு வேலை செய்யாமல் மண்ணுக்குள் போகக் கூடாது என்பது அங்கே யாரும் எழுதி வைக்காத விதி. தோட்டக்கலை வல்லுநர்கள் இன்று கழிவுநீர் மறுபயன்பாடு என்று வகுப்பெடுக்கும் விஷயத்தை வாழைக்குலையின் தடிப்பில் அளந்து பார்த்தவர்கள் அந்தக் கிணற்றடிப் பெண்கள்.

பழைய யாழ்ப்பாண வீடு ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் அடக்கியதில்லை. மண்சுவரும் ஓலைக்கூரையுமாக, படுக்கவும் நெல்லும் நகையும் வைக்கவும் ஒரு வீடு, சமைக்கத் தனியாக ஓர் அடுக்களை, வருவோர் போவோருக்குத் தலைவாசல், வேலையாட்கள் புழங்க ஒரு மால் என்று சிறு சிறு கட்டடங்களாக முற்றத்தைச் சுற்றி நின்றன. குடும்பம் பெருகியபோது அறையைப் பெருப்பிக்கவில்லை, இன்னொரு கொட்டில் போட்டார்கள். ஆண்டுதோறும் எப்படியும் ஓலை மாற்ற வேண்டியிருந்ததால் இடம் மாற்றுவதும் பெரிய காரியமாக இருக்கவில்லை. வசதி படைத்தவர்கள் மட்டும் நடுவில் முற்றம் வைத்து நான்கு பக்கமும் கட்டிய நாற்சார் வீட்டுக்குப் போனார்கள்.

முற்றத்தில் ஒன்றும் நடுவதில்லை. இது வீட்டு நிலத்தைத் திட்டமிடுவோர் இன்று அடிக்கடி மறக்கும் செய்தி. காலையில் கூட்டி, சாணித் தண்ணீர் தெளித்து, வெறுமையாக விட்ட அந்த மணல் தரையில்தான் தைப்பொங்கல் பானை ஏறியது, நெல் காய்ந்தது, ஒடியல் காய்ந்தது, பிள்ளைகள் கிட்டி அடித்தார்கள். கல்யாணப் பந்தலும் அங்கேதான், செத்த வீட்டுப் பந்தலும் அங்கேதான். ஒரு குடும்பத்தின் பெரிய நாட்கள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்று மற்ற நாட்களில் அது சும்மா கிடந்தது.

மரங்களின் இருப்பைக் கவனித்தால் குடும்பத்தின் வயது தெரியும். கல்யாணமாகிக் குடிவந்த இளசுகள் முதலில் வைப்பது வாழையும் முருங்கையும். முருங்கைத் தடி ஊன்றிய ஓராண்டுக்குள் கறிக்கு வரும், வாழை ஏறத்தாழ அதே காலத்தில் குலை தள்ளும். தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் எடுக்கும். அதற்குள் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் மாமரங்களும் பலாவும் அதற்கடுத்த வரிசை. பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது பாளை விடப் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகலாம், இன்னும் கூடவும் ஆகலாம். அதனால் பனையை நட்டவர் தன் பசிக்கு நடவில்லை. பெரும்பாலும் அதை யாரும் நடவும் இல்லை. விழுந்த கொட்டை முளைத்ததை வெட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த விட்டுவைத்தல் பலவாகத் திரும்பி வந்தது. ஓலை கூரைக்கும் வேலிக்கும், பழைய ஓலை தோட்டத்து மண்ணில் தாழ்க்கும் பசளைக்கும், மட்டை விறகுக்கும், நார் கட்டுவதற்கும், முற்றிய மரம் வளைக்கும் தீராந்திக்கும் பயன்பட்டன. ஆடி ஆவணியில் பழம் விழும் காலத்தில் விடியற்புறம் பனையடியில் பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. பிழிந்த பழக்களி பனாட்டாக வெயிலில் காயும். கொட்டைகள் பாத்தியில் புதையும். மாரி முடிகிற காலத்தில் அந்தப் பாத்தியைக் கிண்டினால் பனங்கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் காயவைத்து மாவாக்கினால் கூழுக்கு ஒடியல் மா. 1850இல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஒரு மரத்துக்குத் தனி நூல் தேவைப்பட்டதில் யாழ்ப்பாணத்தாருக்கு வியப்பு இருந்திருக்காது.

இனி வேலி. யாழ்ப்பாணத்து வேலியை எல்லைக்கோடு என்று மட்டும் எண்ணுபவர் அதன் பாதியைத்தான் பார்க்கிறார். அதன் எலும்பு, கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதராணி என்று வெட்டி ஊன்றினால் வேர்விடும் தடிகள் வரிசையாக நிற்கும். இடையில் வரிச்சுக் கட்டி, தென்னங்கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். வசதிக்கேற்ப மட்டை வேலியும் உண்டு, காட்டுத் தடியும் முள்ளும் கொண்ட அலம்பல் வேலியும் உண்டு. கதியால் தழைத்தால் குழை ஆட்டுக்குப் போகும், பூவரசங்குழை தோட்டத்து மண்ணுக்குப் போகும். இரண்டு மூன்று ஆண்டில் உக்கிய கிடுகும் வீணாவதில்லை, அதுவும் எருதான். ஆளுயரத்துக்கும் மேலான அந்த மறைப்புக்குப் பின்னால் பெண்கள் கிணற்றடியில் கூச்சமின்றிக் குளிக்க முடிந்தது. பெரிய வீட்டார் வாசலில் கூரை வேய்ந்த சங்கடப்படலை வைத்தார்கள். தெருவால் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்க அதன் இரண்டு பக்கமும் திண்ணை இருந்தது. உள்ளே யாரையும் பார்க்க விடாத அதே வேலி, வெளியே நிற்பவனுக்கு நிழலும் கொடுத்தது.

வேலியில் பொட்டும் இருந்தது. கிடுகை விலக்கி ஆள் குனிந்து போகும் அளவு ஓட்டை. அம்மா நெருப்புக் கேட்டு அனுப்பினால் பிள்ளை தெருவைச் சுற்றிப் போவதில்லை, பொட்டுக்குள்ளால் சின்னம்மா வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் இருந்ததால் இது சாத்தியமாயிற்று. அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், ஒல்லாந்தர் 1658இல். வந்தவர்கள் தோம்பு எழுதினார்கள். காணிக்குப் பெயர், பரப்பு, உடையவர், வரி எல்லாம் பதிவாயின. ஆனால் காணி யாருக்கு எப்படிப் போகும் என்பது மக்கள் வழக்கில் இருந்தது. வழக்குகள் பெருகியபோது, ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் ஜொவான் சைமன்ஸ் அந்த வழமைகளைத் தொகுக்கச் சொன்னார். முப்பது ஆண்டுக்கும் மேல் யாழ்ப்பாணத்திலிருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதைச் செய்து முடித்தார். 12 முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். தேசவழமை என்ற பெயரில் அது நின்றது. ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். திருத்தங்களோடு இன்றும் அது நீதிமன்றத்தில் பேசப்படுகிறது.

அந்தத் தொகுப்பின்படி பழைய வழக்கில் தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கும், தந்தைவழி முதுசம் ஆண் பிள்ளைகளுக்கும் போயிற்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே அது கலங்கத் தொடங்கிவிட்டதாகவும் அதுவே சொல்கிறது. ஆனாலும் நடப்பில் நீண்ட காலம் நிலைத்த ஒன்று, பெண்ணுக்குக் கல்யாணத்தோடு வீடும் வளவும் கொடுப்பது. சீதனம் வாங்கியவள் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஆகவே கொடுக்கும்போதே அளந்து, வேலி போட்டு, உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றோர் இருக்கும்போதே நிலம் பிரிந்தது. மருமகன்கள் வந்து சேர்ந்தார்கள். மகன்கள் வேறு வளவுகளுக்கு மருமகன்களாகப் போனார்கள், அல்லது படித்துவிட்டுக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். ஓர் ஒழுங்கையில் உள்ள ஆறு வீட்டுப் பெண்களும் ஒரே ஆச்சியின் வழி வந்தவர்களாக இருப்பது இதனால்தான். பிள்ளைகளுக்குப் பெரியம்மாவும் குஞ்சியம்மாவும் வேலிக்கு அப்பால்தான் இருந்தார்கள். பத்துப் பிள்ளைகள் விளையாட ஒரு வீட்டின் முற்றம் போதாமற் போனாலும் ஆறு முற்றங்கள் இருந்தன.

தேசவழமை மரத்தையும் விடவில்லை. ஒருவர் காணியில் வேர் விட்டு அடுத்தவர் காணிக்கு மேல் சாய்ந்த மரத்தின் பழம் யாருக்கு, ஒருவர் நிலத்தில் இன்னொருவர் நட்ட தென்னையில் யாருக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் பேச்சு இருக்கிறது. காணி விற்கும்போது பங்குடையோருக்கும் உரித்துடையோருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. 1947இல் இந்த முன்கொள்வனவு உரிமைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்நியன் நடு வளவில் வந்து குந்திவிடக் கூடாது என்ற பயம்தான் அந்த விதியின் வேர். கிணற்றடிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அங்கே சின்ன விஷயமாக இருந்ததில்லை.

கிணற்றைத்தான் அளந்து பிரிக்க முடியவில்லை. நாலு பரப்பை இரண்டாக்கலாம், கிணற்றை ஆக்க முடியாது. ஆகவே உறுதிகளில் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டது: அரைப்பங்கு, காற்பங்கு, அதற்குப் போகும் வழி, வாய்க்கால். தோட்டக் கிணறாக இருந்தால் இறைக்கும் முறை நாள். வீட்டுக் கிணறாக இருந்தால் இரண்டு பக்கமும் நின்று அள்ளுவது. புது வேலி எல்லைக்கோட்டில் நேராக வந்து கிணற்றின் வாயை நடுவால் கடந்து போகும். ஒரே நீர், இரண்டு கப்பி, இடையில் மறைப்பு. அக்காவும் தங்கச்சியும் முகம் பார்க்காமல் இருந்த காலத்திலும் வாளிகள் உள்ளே ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

முகம் பார்க்காமல் இருந்த காலங்கள் குறைவில்லை. மாரி முடிந்து வேலி அடைக்கும்போது ஒரு கதியாலை நாலு விரற்கடை தள்ளி ஊன்றிவிட்டார்கள் என்பதில் தொடங்கும் சண்டை, யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமாருக்கு நல்ல சோறு போட்டது. 1863இல் வந்த காணிப் பிரிவினைச் சட்டம், கூட்டுச் சொத்தைப் பிரிக்க நில அளவையாளரையும் வரைபடத்தையும் கொண்டுவந்தது. 1951இலும் 1977இலும் அது புதுப்பிக்கப்பட்டது. அன்றுவரை பூவரசிலிருந்து புளியமரம் வரை என்று இருந்த எல்லை, சங்கிலியும் பாகையும் கொண்டதாயிற்று. ஆனாலும் வேலி வழக்குகள் குறைந்ததாகத் தெரியவில்லை. கதியால் உயிருள்ளது, வளரும், தடிக்கும், சாயும். வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

இவ்வளவு அழகாகச் சொல்லப்படும் வளவில் ஒரு மறைவான மூலை உண்டு. அந்த வேலியை அடைத்தவர், துலா மிதித்தவர், பனையேறியவர், கிணற்றைக் கல் உடைத்து வெட்டியவர் எனப் பலருக்குச் சொந்தமாக வளவு இருக்கவில்லை. பிறர் காணியின் ஓரத்தில் கொட்டில் போட்டு, போகச் சொன்னால் போக வேண்டியவர்களாகக் குடியிருந்தார்கள். தேசவழமையில் எசமானுக்கும் அடிமைக்குமான விதிகளும் இருந்தன. 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல், தாங்கள் வெட்டிய கிணற்றில் தாங்களே அள்ள முடியாமல் யாரேனும் ஊற்றித் தருவார்கள் என்று குடத்தோடு காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கியது. கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். வீட்டு நிலத்தின் வரலாற்றை எழுதும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மாமரங்களைப் பற்றி மட்டும் உருகுவது நேர்மையாகாது. சீதனக் கணக்கில் வளவு சுருங்கியது என்ற வருத்தமே, பிரிக்க ஒரு வளவு இருந்தவர்களின் வருத்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாக் காசு வந்தது. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகப் போய், ஓய்வூதியத்தோடு திரும்பினார்கள். கொழும்பிலிருந்து 1905இல் ரயில் யாழ்ப்பாணத்தை எட்டியது. சுண்ணாம்புச் சாந்துக் கல்வீடுகள் எழுந்தன, ஓடு ஏறியது, முன்பக்கம் விறாந்தை வந்தது. முன்வளவுக்குப் புதிய வேலையும் வந்தது, அது பார்க்கப்பட வேண்டும். குரோட்டன் சாடிகள், ரோசாப் பாத்தி, படலையிலிருந்து வாசல் வரை இரு பக்கமும் கல் அடுக்கிய நடைபாதை எல்லாம் பென்சனியர்மாரின் கைவேலை. அடுக்களையும் கிணற்றடியும் ஆட்டுக்கொட்டிலும் கோடிப்புறத்தில் பழையபடியே கிடந்தன. முன்னால் மலாயாவின் ஈப்போ, பின்னால் யாழ்ப்பாணம். மருமகன் வீட்டார் வந்து பார்ப்பது முன்பக்கத்தைத்தானே.

பெரிய மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எந்தக் கல் தண்ணீரைத் தாங்கிப் பிடித்ததோ அதே கல்லைத் தோண்டி அரைத்துச் சீமெந்தாக்கினார்கள். கைக்கெட்டிய விலையில் சீமெந்துக் கல் கிடைத்தபோது, திரும்பத் திரும்ப வேலி அடைக்கும் கரைச்சலை விட்டு மதில் கட்டினார்கள். தடி வாங்குவது, கிடுகு பின்னுவது, ஆள் பிடிப்பது என்று அலைந்தவர்களுக்கு அது விடுதலைதான். ஆனால் ஆட்டுக்குக் குழை போயிற்று, மண்ணுக்குப் பசளை போயிற்று, பொட்டும் போயிற்று. கதியாலைத் தள்ளி ஊன்றலாம், மதிலைத் தள்ள முடியாது என்பதால் சண்டைகள் சில தீர்ந்தன, சில நிரந்தரமாயின. அதே காலத்தில் துலாவின் இடத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. மனிதர் மிதித்து இறைத்தபோது ஒரு நாளில் வந்த நீர், இயந்திரம் வைத்தபின் சில மணி நேரத்தில் வந்தது. கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீருக்கு அந்த வேகம் நல்லதாக இருக்கவில்லை. குடாநாட்டின் பல இடங்களில் கிணறு உவர்த்தது.

ஒரு பரப்பை ஒரு சதுரமாக எண்ணிப் பார்த்தால் பக்கத்துக்கு 52 அடி வரும். அதற்குள் வீடு, கிணறு, கழிப்பறைக் குழி மூன்றும் இருக்க வேண்டும். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தாலும், அடுத்த வீட்டுக் குழி இந்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சுண்ணாம்புக் கல்லோ எதையும் வடிகட்டுவதில்லை, வெடிப்பு வழியாக அப்படியே விட்டுவிடும். தோட்டங்களுக்குக் கொட்டும் யூரியாவும் சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதைக் கடந்த சில பத்தாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தாய்ப்பாலுக்குப் பதில் அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் அதன் ஆபத்து முதலில். நாலு பரப்பில் ஒரு குடும்பத்துக்கென்று அமைந்த ஏற்பாடு நாலு குடும்பத்தைத் தாங்கவில்லை. சீதனம் எழுதியவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். நிலத்தடி நீர் பிரியாமலே இருந்துவிட்டது. 2024இல் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கிணற்றை நம்பியே ஊர் கட்டியவர்களுக்குக் கடலைக் குடிக்க வேண்டிய நிலை.

இடையில் போர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து வளவுக்கு எந்த மனையடி சாத்திரமும் சொல்லாத ஓர் உறுப்புச் சேர்ந்தது: பங்கர். மாமர நிழலில், அடுக்களையிலிருந்து ஓடி எட்டும் தூரத்தில், ஆளுயரத்துக்கு வெட்டி, மேலே பனங்குற்றியும் தென்னங்குற்றியும் அடுக்கி, மண்மூட்டை போட்டார்கள். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி அளவு வைத்தார்கள். வீட்டில் ஆள் கூடினால் பங்கரும் நீண்டது. மாரியில் அதற்குள் தண்ணீர் நின்றது, பாம்பு வந்தது, இருந்தும் குண்டு விழும்போது அதற்குள்தான் இறங்கினார்கள். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. இயந்திரங்கள் நின்றன. மரவள்ளியும் முருங்கையும் பப்பாசியும் மறுபடி சோற்றுக்கோப்பையில் முக்கியமாயின. கொல்லைப்புறம் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அந்த ஆண்டுகளைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி இடம்பெயர்ந்து, ஒரே தெருவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1990இலேயே வெறுமையாகிவிட்டன. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடுகளும் தோட்டங்களும் போயின. காவலரண்களுக்கும் பார்வை மறைக்காமல் இருக்கவும் பனைகள் வெட்டப்பட்டன, மதில்களும் வீடுகளும் தட்டி வீழ்த்தப்பட்டன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றது. 1981இல் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் ஏழு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 2012 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் அளவுக்குக் குறைந்திருந்தது.

சீதனமும் ஊரை விட்டுக் கிளம்பியது. தாக்குதலுக்குள்ளாகி, ஆட்கள் இடம்பெயர்ந்துபோன காணியை எந்த மாப்பிள்ளை கேட்பான்? கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளை மாடிக் குடியிருப்புகள் சீதன உறுதியில் ஏறின. 1973இன் மாடிமனைச் சொத்துடைமைச் சட்டம் அப்படி ஒரு தளத்தைத் தனிச் சொத்தாக எழுத இடங்கொடுத்திருந்தது. தரைக்குத் தொடர்பில்லாத வளவு. கடலைப் பார்த்த பல்கனியில் கறிவேப்பிலைச் சாடியும் துளசிச் சாடியும் நின்றன. கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனவர்களிடம் சீதனம் காசாகவே மாறிவிட்டது. ஊரில் அவர்கள் பேரில் இருக்கும் வளவுகள் அற்றோர்ணித் தத்துவத்தில் யாரோ ஒரு மாமாவின் பொறுப்பில் இருக்கின்றன. பற்றை மூடி, பலாமரம் தானாகப் பழுத்து உதிர்ந்து, நுளம்புக்குச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவித்தல் ஒட்டப்பட்டுக் கிடக்கும் அத்தகைய வளவு இன்று அநேகமாக ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒன்றிரண்டு உண்டு. வளரும் குடும்பத்துக்கு என்று பிரித்துப் பிரித்துச் சின்னதாக்கிய நிலத்தில் குடும்பமே இல்லை.

2009இல் போர் முடிந்த பிறகு வலிகாமம் வடக்கின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. உள்ளே போனவர்களுக்கு முதலில் எந்த இடம் எது என்றே தெரியவில்லை. ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, வீடு அத்திவாரத்தோடு இருந்தால் பெரிய காரியம். மிஞ்சியவை கிணறுகள், அவையும் பல தூர்ந்துபோய். கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வீட்டு வாசலை எண்ணி, அங்கிருந்து படலையை ஊகித்து, தாத்தா காலத்து உறுதியில் எழுதிய நாலு திசை எல்லைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லை தெரிந்த பெரியவர்கள் பலர் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் செத்துப்போயிருந்தார்கள். பங்குக் கிணற்றின் மற்றப் பாதிக்குரியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. அளவையாளர் கருவியை வைத்துக்கொண்டு நிற்க, தொலைபேசியின் மறுமுனையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரியம்மா, "கிணத்தடியிலை இருந்து பார் மோனை, எங்கடை பக்கம்தான் ரெண்டு பூவரசு கூட நிண்டது" என்று நாலு விரற்கடையை விட்டுக்கொடுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதும் இப்போது காணி அளப்பில் ஒரு பகுதி.